டைனோசர்களின் முடிவும் வாத்துகளின் வயதும்

அண்டார்டிக்கத் தீபகற்பத்தின் வடமுனைக்கு அருகே உள்ள வேகா தீவில், 2011ஆம் ஆண்டு ஒரு பறவையின் மண்டையோடு கண்டெடுக்கப்பட்டது. அது குறித்த விரிவான ஆய்வு 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' அறிவியல் சஞ்சிகையில் வெளியானது. சுமார் 6 கோடியே 90 லட்சம் ஆண்டுகள் பழமையான அந்த மண்டையோடு வேகாவிஸ் என்ற நீர்ப்பறவையினுடையது என்றும், அந்தப் பறவை இன்றைய வாத்துகளின் உறவினம் என்றும் ஆய்வாளர்கள் தெரிவித்தனர்.

ஒரு வாத்தின் வம்சாவளியில் உலகின் முன்னணி ஆய்வுக்கூடங்களுக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்கலாம். விடை அந்த வயதில் இருக்கிறது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய மெக்சிகோவின் யுகடான் பகுதியில் விண்கல் ஒன்று மோதியது. பறவைகள் நீங்கலாக டைனோசர்கள் அனைத்தும் அந்தக் காலகட்டத்தில் அழிந்தன. இன்று நாம் காணும் பறவை வகைகள் அந்த அழிவுக்கு முன்னரே தோன்றிவிட்டனவா, அல்லது அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருவானவையா என்பது நெடுநாள் சர்ச்சை. அந்தச் சர்ச்சையின் முக்கிய சாட்சியாக வந்து நிற்பது வாத்துதான்.

எலும்பா, மரபணுவா?

1995ஆம் ஆண்டு அமெரிக்கப் பறவையியலாளர் ஆலன் ஃபெடூச்சியா, பழைய பறவைகள் அநேகமாக முற்றிலும் அழிந்தன என்றும், கரையோரப் பறவைகளைப் போன்ற மிகச் சில மட்டுமே தப்பின என்றும் வாதிட்டார். இன்றைய பறவை வரிசைகள் யாவும் அவற்றிலிருந்து குறுகிய காலத்தில் வெடித்துக் கிளம்பின என்பது அவரது கருத்து. இரண்டே ஆண்டுகளில் இதற்கு நேர்மாறான முடிவொன்று வெளியானது. வாழும் பறவைகளின் மரபணு வேறுபாடுகளைக் கொண்டு காலத்தைக் கணித்த ஆலன் கூப்பரும் டேவிட் பென்னியும், குறைந்தது 22 பறவைக் கால்வழிகள் பேரழிவைக் கடந்து வந்தன என்றனர்.

மரபணுக்காரர்களிடம் கணக்கு இருந்தது. காட்டுவதற்கு எலும்பு இல்லை. டைனோசர் காலத்து நவீனப் பறவைகள் என்று முன்வைக்கப்பட்டவை பெரும்பாலும் உதிரியான, உடைந்த எலும்புத் துண்டுகளே. அவற்றை வைத்து எதையும் சொல்லலாம், எதையும் மறுக்கலாம் என்ற நிலை நிலவியது.

இந்த நிலையை மாற்றியது 1992இல் ஆர்ஜெண்டினாவின் அண்டார்டிக்க ஆய்வு நிறுவனம் வேகா தீவில் சேகரித்த ஓர் எலும்புக்கூடு. மண்டையோடு இல்லாவிட்டாலும் உடலின் பல எலும்புகள் ஒன்றாகக் கிடைத்திருந்தன. கல்லுக்குள் இருந்தவற்றை சிடி ஸ்கேன் மூலம் ஆராய்ந்த ஜூலியா கிளார்க்கும் அவரது சகாக்களும், 2005இல் அதற்கு வேகாவிஸ் இயாயி என்று பெயரிட்டனர். தீவின் பெயரும் அந்த நிறுவனத்தின் சுருக்கப் பெயரும் அதில் அடங்கியுள்ளன. இது வாத்து வரிசையைச் சேர்ந்தது என்பது அவர்களது முடிவு.

அதன் விளைவு வாத்தோடு நிற்கவில்லை. ஒரு குடும்பத்தில் தம்பியின் பேரன் இன்ன ஆண்டில் உயிரோடு இருந்தான் என்று தெரிந்தால், அண்ணன் அதற்கு வெகு முன்னரே பிறந்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதுபோல, வாத்தின் கால்வழி அன்றே தனித்து இருந்திருந்தால், அதன் நெருங்கிய உறவான கோழியின் கால்வழியும், அதற்கும் முன்னர் பிரிந்த நெருப்புக்கோழியின் கால்வழியும் டைனோசர்கள் நடமாடிய காலத்திலேயே இருந்தாக வேண்டும்.

2016இல் இதே பறவையின் இன்னொரு மாதிரியில் குரல் உறுப்பின் எச்சம் அடையாளம் காணப்பட்டது. டைனோசர் காலத்திலிருந்து அத்தகைய உறுப்பு கிடைத்தது அதுவே முதன்முறை. அதன் அமைப்பைப் பார்த்தால், பறவை வாத்தைப் போலக் கரகரத்த குரலில் ஒலியெழுப்பியிருக்கலாம் என்று அந்த ஆய்வு கூறியது.

முகம் இல்லாத சாட்சி

ஆனால் ஐயங்கள் ஓயவில்லை. ஜெர்மனியின் கெரால்ட் மாயர் உள்ளிட்டோர், வேகாவிஸ் வாத்து வரிசையைச் சேர்ந்தது என்பதற்கான ஆதாரங்கள் பலவீனமானவை என்று 2018இல் எழுதினர். நீரில் மூழ்கி இரை தேடும் பறவைகளுக்கு, அவை எந்த வம்சத்தைச் சேர்ந்தவையாயினும், உடல் அமைப்பு ஒன்றுபோல மாறிவிடுவது உண்டு. முகமே தெரியாத ஒன்றை உடலை மட்டும் வைத்து வாத்து என்பது எப்படி என்ற கேள்வி நியாயமானதே.

அந்த முகம்தான் 2025இல் வெளிப்பட்டது. எதிர்பார்த்ததற்கு மாறாக அது வாத்தின் முகமாக இல்லை. தட்டையான அகன்ற அலகுக்குப் பதிலாக, நீண்டு கூரான அலகும் அதை நீருக்கடியில் விரைந்து மூடக்கூடிய வலிய தாடைத் தசைகளும் இருந்தன. மீன் பிடிக்கும் முக்குளிப்பான்களையே அது நினைவூட்டியது. அதேவேளை, மூளையின் வடிவமும் பற்களற்ற அலகின் அமைப்பும் இன்றைய பறவைகளுக்கு உரியவை. இவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வாத்துகளுக்கு அருகிலேயே அதன் இடம் அமைகிறது என்று ஆய்வுக்குழு கூறுகிறது. வேகாவிஸ் ஒரு நவீனப் பறவை என்ற வாதத்தை மண்டையோடு வெகுவாக வலுப்படுத்துகிறது என்றும், அது வாத்து என்ற வாதத்தை அந்த அளவுக்கு அல்ல என்றும் கொள்வதே பொருத்தம் எனத் தோன்றுகிறது.

வாத்துக்கு அதன் புகழ்பெற்ற அலகு எப்போது வந்தது? இதற்கு ஓரளவு விடை தருவது அமெரிக்காவின் யூட்டா, வயோமிங் மாநிலங்களில் கிடைக்கும் பிரெஸ்பியோர்னிஸ் என்ற பறவை. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஏரிக்கரைகளில் பெருங்கூட்டமாக வாழ்ந்த இதற்கு, நாரையைப் போன்ற நெடுங்கால்களும் வாத்தின் தலையும் இருந்தன. நீரை வடிகட்டி உணவு கொள்ளும் அலகு அதனிடம் காணப்படுகிறது. 1926இல் இதை முதலில் விவரித்த அலெக்சாண்டர் வெட்மோர் கரையோரப் பறவை என்றார். பின்னர் பூநாரையோடு தொடர்புபடுத்தினர். 1980இல் ஸ்டோர்ஸ் ஆல்சனும் ஃபெடூச்சியாவும் வாத்து வரிசையில் சேர்த்தனர். வகைப்பாடு என்பது எவ்வளவு தூரம் கையில் இருக்கும் எலும்பைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

வாழும் பறவைகளிலும் இத்தகைய புதிர்கள் உண்டு. தென்னமெரிக்காவின் சதுப்பு நிலங்களில் வாழும் ஸ்கிரீமர் என்ற பறவைக்குக் கோழியின் அலகு. விரல்களுக்கிடையே சவ்வு பெயரளவுக்கே. ஆயினும் அது வாத்துகளின் உறவினமே. ஆஸ்திரேலியாவில் மனிதர்கள் குடியேறிய பின்னரும் வாழ்ந்த, 200 கிலோவுக்கு மேல் எடைகொண்ட பறக்காத ஜெனியோர்னிஸின் மண்டையோடு பற்றிய 2024ஆம் ஆண்டு ஆய்வும், அதை வாத்துகளின் சுற்றத்திலேயே சேர்க்கிறது.

தப்பியது எப்படி?

இரு தரப்பினரின் பழைய சர்ச்சையில் இருவருக்கும் பாதி வெற்றி என்றே சொல்ல வேண்டும். 2014இல் 48 இனங்களையும் 2024இல் 363 இனங்களையும் கொண்டு நடத்தப்பட்ட மரபணுத் தொகுதி ஆய்வுகளின்படி, நெருப்புக்கோழி, கோழி, வாத்து ஆகியவற்றின் கால்வழிகள் பேரழிவுக்கு முன்னரே பிரிந்துவிட்டன. ஏனைய பெரும்பாலான பறவைக் குழுக்கள் அதையொட்டிய காலத்தில் வேகமாகப் பெருகின.

அன்றைய பறவைகளில் ஏராளமானவை அழிய, இவை ஏன் தப்பின? மோதலுக்குப் பின் உலகெங்கும் காடுகள் எரிந்தும் பட்டும் போனதால், மரத்தை நம்பி வாழ்ந்தவை மடிந்தன, தரையிலும் நீர்க்கரையிலும் வாழ்ந்தவை பிழைத்தன என்பது 2018இல் டேனியல் ஃபீல்டும் சகாக்களும் முன்வைத்த விளக்கம். மோதல் நடந்த இடத்திலிருந்து வெகு தொலைவில் இருந்த அண்டார்டிக்கா, அன்று பனிப்போர்வையற்ற மிதமான நிலமாக இருந்தது. அது புகலிடமாகியிருக்கலாம் என்ற ஊகமும் உள்ளது.

ஆனால் அடுத்த முக்கிய சாட்சி கிடைத்தது ஐரோப்பாவில். நெதர்லாந்து எல்லையை ஒட்டிய பெல்ஜியச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில், புதைபடிவ ஆர்வலர் ஒருவர் 2000ஆம் ஆண்டில் ஒரு கல்லை எடுத்தார். சில உடைந்த கால் எலும்புகள் மட்டுமே அதில் வெளியே தெரிந்தன. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஃபீல்டின் கேம்பிரிட்ஜ் குழு அதை ஸ்கேன் செய்தபோது, உள்ளே ஏறக்குறைய முழுமையான மண்டையோடு இருந்தது. கோழியின் சாயலும் வாத்தின் சாயலும் கலந்த அதற்கு ஆஸ்டெரியோர்னிஸ் என்று 2020இல் பெயரிட்டனர். பேரழிவுக்கு முந்தைய பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் வாழ்ந்த அது, சுமார் 400 கிராம் எடையே இருந்திருக்கும்.

அந்தப் பாறைகளின் காலகட்டத்துக்கு, அருகிலுள்ள மாஸ்ட்ரிக்ட் நகரின் பெயரையே புவியியலாளர்கள் சூட்டியுள்ளனர். அதே காலகட்டத்தின் முற்பகுதியைச் சேர்ந்த கடல் சுண்ணாம்புக்கல்தான் தமிழகத்தின் அரியலூரில் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கப்படுகிறது. அரியலூருக்கு அருகே கல்லமேட்டில் டைனோசர் எலும்புகளும் கிடைத்துள்ளன. ஆஸ்டெரியோர்னிஸ் இருந்த கல்லோ, அந்த ஆர்வலர் பார்த்து எடுத்துவைத்த சாதாரணச் சுரங்கக் கல்தான்.