தாய்சேய் உயிரும் கணக்கேடும்

நம் குடும்பங்களின் வமிசாவளி ஏடுகளைப் பார்வையிடும் வாய்ப்பு அண்மையில் எமக்குக் கிட்டியது. ஏழு தலைமுறைக்கு ஆண்மக்களின் பெயர்கள் அவற்றில் ஒழுங்குபெற எழுதப்பட்டுள்ளன. ஆயின், 'இரண்டாந்தாரம்' என்னும் ஒரு சொல் பக்கந்தோறும் எம் கண்ணை உறுத்தியது. முதல் தாரம் யாது ஆயினள்? அவள் பெயர் யாது? ஏடு விடை கூறவில்லை. வினவியவிடத்து, முதியோர் பலரும் "பிள்ளைப்பேற்றில் போய்விட்டாள்" என்ற ஒரே விடையைக் கூறினர். எம் பாட்டியாரின் தமக்கையாரும் தலைப்பேற்றின் ஐந்தாம் நாள் சுரங்கண்டு மாய்ந்தவரே. வீட்டார் அதனை ஊழ் என்று கூறி அமைந்தனர். அவர் பெயரும் எவ்வேட்டிலும் ஏறவில்லை.

எழுதப்படாத இறப்பு ஆராயப்படாது; ஆராயப்படாத இறப்பு மீண்டும் நிகழும். இவ்வுண்மையை உலகிற்கு விளங்கக் காட்டியதொரு வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

ஆஸ்திரியா நாட்டின் தலைநகராகிய வியன்னாவிலுள்ள பெரிய பொது மருத்துவமனையில் மகப்பேற்றுக்கென இரு பகுதிகள் இருந்தன. 1840 முதல், முதற் பகுதி மருத்துவ மாணாக்கர் பயிலுதற்கும், இரண்டாம் பகுதி மருத்துவச்சியர் பயிலுதற்கும் ஒதுக்கப்பட்டன. வரும் கருவுயிர்க்கும் பெண்டிர் நாள் முறைப்படி ஒரு நாள் முதற் பகுதியிலும் மறுநாள் இரண்டாம் பகுதியிலும் சேர்க்கப்பெற்றனர். கட்டிடம் ஒன்று, உணவு ஒன்று, வருவோரும் ஒரே வகையினராகிய ஏழை மகளிரே. எனினும் பிள்ளை பெற்ற சில நாட்களில் தோன்றும் பிரசவச் சுரத்தால் முதற் பகுதியில் மாய்ந்தோர் தொகை பெரிதாயிருந்தது. முதற் பகுதிக்குரிய நாளில் வந்த மகளிர் தம்மை அங்கே சேர்க்கவேண்டா என்று முழந்தாளிட்டு மன்றாடினர் என்ப. அறிஞர் ஏட்டில் ஏறாத செய்தியை அவ்வேழைகள் அறிந்திருந்தனர்.

1846-ஆம் ஆண்டில் அங்கு உதவி மருத்துவராக அமர்ந்தவர் ஹங்கேரி நாட்டினராகிய இக்னாஸ் செம்மெல்வைஸ் என்பார். அவர் ஊழையும் காற்றையும் குறைகூறி அமையாது, கணக்கேடுகளை எடுத்து விரித்தனர். அவ்வாண்டில் முதற் பகுதியில் 4010 பேறுகளுக்கு 459 தாய்மார் இறந்திருந்தனர். இரண்டாம் பகுதியில் 3754 பேறுகளுக்கு 105 பேர். நூற்றுக்குப் பதினொருவர் ஓரிடத்தும், மூவருக்குங் குறைவானோர் மற்றோரிடத்தும் இறப்பதற்குக் காரணம் யாது? காற்றின் கேடு எனின், இரு பகுதிக்கும் காற்று ஒன்றே. நெருக்கம் எனின், மகளிர் அஞ்சி நாடிய இரண்டாம் பகுதியே பெரிதும் நெருக்கமுடையது. மருத்துவமனையை அடையுமுன் தெருவிலேயே பிள்ளை பெற்றவர்கூட முதற் பகுதியிற் பெற்றவரினும் நலமாயிருந்தனர். இங்ஙனம் ஒவ்வொரு காரணத்தையும் எண்ணால் உரைத்துப் பார்த்து அவர் தள்ளினர்.

அக்கணக்கிலும் ஒரு கரவு இருந்ததை அவர் கண்டார். நோய் மிக்க காலங்களில் முதற் பகுதித் தாய்மார் பலர் பொது நோயாளர் பகுதிக்கு மாற்றப்பட்டு அங்கே இறந்தனர். அவ்விறப்புகள் மகப்பேற்றுக் கணக்கில் சேரவில்லை. எனவே, ஏட்டில் கண்டதினும் உண்மையிழவு பெரிது. கணக்கு எழுதினால் மட்டும் போதாது, ஒளியாது எழுதல் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

1847 மார்ச்சில், அவர்தம் நண்பராகிய கொலெட்ஷ்கா என்னும் பேராசிரியர், பிணப்பரிசோதனையின்போது மாணாக்கர் ஒருவரின் கத்தி விரலிற் பட்டு, அப்புண்ணால் மாய்ந்தார். அவருடலிற் கண்ட குறிகள் பிரசவச் சுரத்தால் இறந்த தாய்மாரின் உடலிற் கண்ட குறிகளையே ஒத்திருந்தன. செம்மெல்வைஸுக்கு உண்மை பளிச்சென்று புலனாயிற்று. மருத்துவரும் மாணாக்கரும் காலையில் பிணங்களை அறுத்துச் சோதித்து, அக்கையோடு தாய்மாரைத் தொட்டனர்; மருத்துவச்சியர் பிணந்தொடுவதில்லை. தாமும் அங்ஙனம் தொட்டவரே என்பதை அவர் மறைத்தாரல்லர்.

அவ்வாண்டு மே மாத நடுவில், சலவைத்தூள் கரைத்த நீரிற் கைகழுவிய பின்னரே எவரும் தாய்மாரைத் தொடல் வேண்டும் என்று விதித்தனர். ஏப்ரலில் 312 பேறுகளுக்கு 57 இறப்பு. ஜூனில் 268 பேறுகளுக்கு 6. 1848-ஆம் ஆண்டு முழுதும் முதற் பகுதியில் 3556 பேறுகளுக்கு 45 இறப்பு. இரண்டாம் பகுதியில் 43 இறப்பு. இரு பகுதியும் ஒரு நிலையை எய்தின. அவ்வாண்டு மார்ச்சு, ஆகஸ்டு ஆகிய இரு மாதங்களில் முதற் பகுதியில் இச்சுரத்தால் ஒருவரும் மாயவில்லை.

இத்துணைத் தெளிவிருந்தும் பெரும்பாலார் ஏற்றிலர். தம் கையே கொன்றது என்பதைக் கற்றோர் மனம் பொறுக்குமோ? 1849-இல் அவர் பதவி நீட்டிக்கப்படவில்லை. தம் நாடு மீண்டு பெஸ்ட் நகரில் பணியாற்றி, 1861-இல் தம் நூலை வெளியிட்டார்; மறுத்தோரைக் கடிந்து மடல்களும் விடுத்தார். 1865-இல் வியன்னாவிலே ஒரு மனநோயில்லத்தில் தம் 47-ஆம் அகவையில் மாண்டார். அந்நோய்க்குக் காரணமாகிய நுண்கிருமியைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர் சுட்டிக் காட்டியது 1879-இல்.

தாயின் கணக்கு இங்ஙனமாக, சேயின் கணக்கு இன்னுங் காலந்தாழ்த்தே வந்தது. நீலநிறங்கொண்டு துவண்டு பிறந்த குழவிகள் உயிரற்றன என்று கைவிடப்படுதல் பண்டு உண்டு. 1952-இல் நியூயார்க்கில் வர்ஜீனியா ஆப்கார் என்னும் பெண் மருத்துவர் எளியதொரு முறை வகுத்தனர். நிறம், நாடித்துடிப்பு, தூண்டினால் முகஞ்சுளித்தல், தசையின் வலிவு, மூச்சு ஆகிய ஐந்திற்கும் சுழியம் முதல் இரண்டு வரை எண்ணிடுதல் வேண்டும், முழுமதிப்பு பத்து. பிறந்த ஒரு நிமிடத்தில் இம்மதிப்பு எழுதப்படும். ஐந்தாம் நிமிடத்தில் மீளவும் எழுதும் வழக்கம் பின்னர் வந்தது. எண்ணிட வேண்டுமெனின் குழவியை உற்று நோக்கல் வேண்டும். நோக்கியவர் வாளாவிருத்தல் அரிது. இஃதே அம்முறையின் மாண்பு.

இன்று அளவை இன்னும் விரிந்துள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் தாய்சேய் மருத்துவத்தின் தரத்திற்கு எட்டு நெறிகளை வகுத்தது. நோய் தீர்க்கும் திறன் மட்டுமன்றி, தாயை மதித்து நடத்துதலும், பேற்றின்போது அவள் விரும்பும் துணையை உடனிருக்க விடுதலும் அவற்றுள் அடங்கும்.

நம் நாட்டு நிலையையும் சிறிது நோக்குவோம். அரசாங்க மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு இறந்த தாய்மார் 2001–03-இல் 134, 2018–20-இல் 54. தாய் ஒருத்தி இறப்பின், காலந்தாழ்ந்தது எங்கே, குருதி கிட்டாதது ஏன், முன்னறிகுறியைக் கண்டும் விட்டவர் உளரோ என்று ஆராயும் முறை இந்நாட்டில் வேரூன்றியுள்ளது. இவ்விறக்கத்தில் அதற்கும் பங்குண்டு. எனினும், 54 என்பது எண்ணன்று, 54 வீடுகள்.

நம் சங்கத்தார்க்கு யாம் விண்ணப்பிப்பது இரண்டு. கருவுற்ற மகளிர்க்கு அளிக்கப்படும் தாய்சேய் அட்டையில் குருதியழுத்தமும் எடையும் பிறவும் வருகைதோறும் எழுதப்படுகின்றனவா என்று வீட்டு ஆடவர் படித்துப் பார்த்தல் வேண்டும். இடம் வெறுமையாயிருப்பின் பணிவொடு வினவல் வேண்டும். வினவுதல் குற்றங்கூறுதலாகாது.

மற்றொன்று, வமிசாவளி பற்றியது. இனி அதனைப் புதுக்கி எழுதுங்கால், பேற்றில் மாய்ந்த பெண்டிர் பெயரையும், பிறந்து மறைந்த குழவிகளையும், நினைவுடைய முதியோர் இருக்கும்போதே கேட்டு, ஆண்டுடன் எழுதுவோமாக. எம் பாட்டியாரின் தமக்கையார் பெயர் மீனாட்சி. எம் குடும்ப ஏட்டில் அதனை இத்திங்களில் எழுதிவிட்டோம்.