உருளும் வீடும் வழித்துணையும்

பாலைக்கு உரிப்பொருள் பிரிவு என்று நம் இலக்கண நூலார் வகுத்தனர். தலைவன் பொருள்வயிற் பிரியும் வழி அது. வெம்மையும் வறட்சியும் ஆறலை கள்வரும் அதன் அடையாளங்கள். எனினும் அதே சுரத்தை மனைவி மக்களோடும் அடுகலங்களோடும் வண்டியேறிக் கடந்த உமணரையும் சங்கப் பாடல்கள் நமக்குக் காட்டுகின்றன. உப்பு ஏற்றிய வண்டியே அவர்களுக்கு வழிநடை வீடுமாயிற்று. அவர்கள் தனித்துச் சென்றாரல்லர், கூட்டமாகவே சென்றனர். பாலையில் பிரிவு மட்டுமே உண்டோ, கூடுதலும் உண்டோ என்னும் வினாவை உமணர் வண்டி நம்முன் வைக்கிறது.

இவ்வினாவை வேறொரு நிலத்தில் வைத்துப் பார்க்க விழைகிறேன். அமெரிக்காவின் தென்மேற்கில், கலிபோர்னியா, அரிசோனா மாநிலங்களில் பரந்து கிடப்பன மொகாவே, சொனோரா என்னும் இரு பாலைகள். அடுப்பும் படுக்கையும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட வீட்டு வண்டிகளில் இன்று பல்லாயிரவர் இவ்வெளியைக் கடக்கின்றனர். திரைப்படத் துறையின் வாயிலாக நமக்குக் ‘கேரவன்’ என அறிமுகமான வண்டியின் உறவினமே இது. வழியில் ஆங்காங்கே நண்பர்களைக் கண்டு, சில நாள் தங்கி, மீண்டும் புறப்படுவது அவர்தம் வழக்கம். இதனைப் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர். இதன் வரலாறோ வேறு செய்தி சொல்கிறது. இப்பாலையைக் கடக்க வண்டியைக் காட்டிலும் வழித்துணையே மிகுதியும் உதவிற்று என்பது அச்செய்தி.

வழி அறிந்தோர்

இந்நிலம் என்றும் ஆளற்ற வெளியாக இருந்ததில்லை. கொலராடோ ஆற்றங்கரையில் வாழ்ந்த மொகாவே மக்கள் ஊற்றுகளை இணைத்த தடங்களின் வழியே கடற்கரை வரை நடந்து பண்டமாற்றுச் செய்தனர். 1776-இல் பிரான்சிசுகோ கார்செசு என்னும் ஸ்பானியத் துறவி அப்பாலையைக் கடந்து சான் கேப்ரியல் திருச்சபையை அடைந்தபோது, அவருக்கு வழிகாட்டியவர்கள் மொகாவே மக்களே. எந்த ஊற்றில் நீர் கிடைக்கும் என்பதை அறிந்த மனிதர் உடன்வந்ததால் அவர் உயிருடன் சென்று சேர்ந்தார்.

எண்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்க அரசு வேறொரு வழியை நாடியது. 1855-இல் நாடாளுமன்றம் 30,000 டாலர் ஒதுக்க, 1856 மே மாதம் டெக்சாசின் இந்தியானோலாத் துறையில் 34 ஒட்டகங்கள் வந்து இறங்கின. மறு ஆண்டு எட்வர்டு பீல் என்பார் ஒட்டகங்களுடன் சென்று, கொலராடோ ஆறு வரை வண்டிப்பாதை ஒன்றினை வகுத்தார். ஒட்டகங்களோடு கடல் கடந்து வந்த பாகர்களுள் ஒருவர் ஹாஜி அலி. அவர் பெயர் அமெரிக்கர் நாவில் ‘ஹை ஜாலி’ எனத் திரிந்தது. உள்நாட்டுப் போருக்குப்பின் திட்டம் கைவிடப்பட்டது. எஞ்சிய ஒட்டகங்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. ஹாஜி அலி அப்பாலையிலேயே தங்கி, 1902-இல் அரிசோனாவின் குவார்ட்சைட் என்னும் சிற்றூரில் மறைந்தார். 1935-இல் அவர் கல்லறை மேல் உச்சியில் ஒட்டக உருவம் தாங்கிய சிறு கற்கூம்பு எழுப்பப்பட்டது. இவ்வூருக்கு மீண்டும் வருவோம்.

அக்காலத்தில் அவ்வூரின் பெயர் டைசன் கிணறுகள். 1875-இல் படைத்துறை அதிகாரி ஒருவரின் மனைவியான மார்த்தா சம்மர்ஹேஸ் கைக்குழந்தையுடன் அவ்வழியே பயணம் செய்தார். 1908-இல் வெளிவந்த அவரது நினைவு நூலில் அடுத்தடுத்த இரண்டு இரவுகள் பதிவாகியுள்ளன. முதல் தங்கல் இருவர் பேணிய பாலைநிலையம். அங்கே தூய்மையும் இனிமையும் இருந்தன. மறுநாள் தங்கல் டைசன் கிணறுகள். அதன் அழுக்கையும் அவலத்தையும் சகியாமல் அவர் தம் கூடாரத்திலேயே உறங்கினார். வெயிலும் மணலும் இரண்டு இடத்திலும் ஒன்றே. வாயிலில் நின்ற மனிதர்தாம் வேறு.

வீடு உருண்டது

மோட்டார் வண்டி வந்தபின் வீட்டையே உடன்கொண்டு செல்லும் ஆசை பிறந்தது. 1910-இல் பியர்ஸ் ஏரோ நிறுவனம் மடக்குப் படுக்கை அமைந்த சொகுசு வண்டியைக் காட்சிக்கு வைத்தது. 1915-இல் ரோலண்டு கான்கிளின் என்னும் செல்வந்தர் சமையலறையும் நூலடுக்கும் கொண்ட ஈரடுக்குப் பேருந்தில் குடும்பத்துடன் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நோக்கிப் புறப்பட்டார். தொடக்கத்தில் இது செல்வர்தம் விளையாட்டே.

1926-இல் வகுக்கப்பட்ட 66-ஆம் எண் நெடுஞ்சாலை மொகாவே வழியே கலிபோர்னியாவை எட்டியது. 1930-களில் வறட்சியாலும் கடனாலும் நிலமிழந்த உழவர்கள் பழைய வண்டிகளில் பாத்திரம் பண்டங்களை ஏற்றிக்கொண்டு அச்சாலையில் மேற்கே சென்றனர். அவர்தம் துயரத்தை ஜான் ஸ்டைன்பெக் 1939-இல் ‘கோபத்தின் கனிகள்’ நாவலில் எழுதினார். அதில் ஒரு குடும்பம் இரவில் மொகாவேயைக் கடக்கும்போது பாட்டி வண்டியிலேயே இறந்துபோகிறாள். பயணம் தடைப்படக் கூடாதென்று தாய் அதை எவரிடமும் சொல்லாமல், பாலை கடக்கும்வரை அவ்வுடலின் அருகிலேயே படுத்திருக்கிறாள். செல்வர்க்கு விளையாட்டான உருளும் வீடு ஏழைக்கு இவ்வாறாயிற்று.

அதே சாலையில் கறுப்பினத்தார்க்கு வேறொரு பாலை காத்திருந்தது. பல விடுதிகள் அவர்களுக்கு இடம் தரவில்லை. சில ஊர்களில் பொழுது சாய்ந்தபின் அவர்கள் இருத்தலே குற்றம். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சார்ந்த அஞ்சல் ஊழியர் விக்டர் கிரீன் 1936 முதல் வெளியிட்ட ‘பச்சை நூல்’ அவர்களை ஏற்கும் இடங்களைத் தொகுத்துத் தந்தது. விடுதிகளோடு, பயணிகளுக்குக் கதவு திறந்த தனியார் இல்லங்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன. மொகாவேயில் மர்ரே என்னும் கறுப்பினத் தம்பதியர் நடத்திய பண்ணை விடுதி அத்தகைய ஒன்று. முன்பின் கண்டிராத ஒருவரை நண்பராக ஏற்கும் வாயில் எங்கே உள்ளது என்பது அம்மக்களுக்கு உயிர்காக்கும் செய்தியாக இருந்தது. சமூக உரிமைச் சட்டம் 1964-இல் வந்தபின்னரே அந்நூலின் தேவை குறையலாயிற்று.

தனிமை என்னும் புனைவு

வீட்டு வண்டியைக் கூட்டுப் பயணத்திற்கு உரியதாக்கியவர்களுள் வாலி பையம் குறிப்பிடத்தக்கவர். இளமையில் ஆடு மேய்த்து, சக்கரம் பூட்டிய சிறு குடிலில் உறங்கிப் பழகிய இவர், 1930-களில் ‘ஏர்ஸ்ட்ரீம்’ என்னும் அலுமினிய இழுவை வீடுகளை உருவாக்கினார். 1951 முதல் வண்டிகளைச் சாத்தாகத் திரட்டி நெடும்பயணங்களை நடத்தினார். 1959-இல் கேப் டவுனில் புறப்பட்ட 41 வண்டிகள் ஆப்பிரிக்காவின் நெடுக்கையெல்லாம் கடந்து 1960-இல் கெய்ரோவை அடைந்தன. மணலில் புதைந்த ஒருவர் வண்டியைப் பிறர் கூடி மீட்டாலன்றிச் செல்லவியலாத வழி அது. பயணம் முடிந்தபின்னும் அவர்கள் ஆண்டுதோறும் கூடினர்.

அதே 1960-இல், செப்டம்பர் மாதம், ஸ்டைன்பெக்கும் ஒரு வீட்டு வண்டியில் புறப்பட்டார். டான் குயிக்சோட்டின் குதிரைப் பெயரை வண்டிக்குச் சூட்டி, சார்லி என்னும் நாயுடன் ஏறத்தாழ 10,000 மைல் சுற்றிவந்தார். ‘சார்லியுடன் பயணங்கள்’ 1962-இல் வெளிவந்தது; அவ்வாண்டே நோபல் பரிசும் அவரை வந்தடைந்தது. நிலமிழந்தோரை மொகாவேயில் நடத்திச் சென்ற எழுத்தாளர், இருபத்தோராண்டு கழித்து அதே பாலையைத் தாமே கடந்தார். மொகாவேயில் இரண்டு ஓநாய்க் குட்டிகள் போன்ற கொயோட்டிகளைக் குறிபார்த்த அவர், சுடாமல் துப்பாக்கியைத் தாழ்த்தி, நாயுணவு இரண்டு தகரக் குப்பிகளை அவற்றிற்கு விட்டுச் சென்றதாக எழுதுகிறார்.

ஆனால் பின்வந்த ஆய்வு வேறொன்றையும் காட்டியது. அப்பயணத்தின் கணிசமான இரவுகளை அவர் விடுதிகளிலும் நண்பர் இல்லங்களிலும், பல நாள் தம் மனைவியுடனும் கழித்தார் என்று பில் ஸ்டைகர்வால்டு என்னும் இதழாளர் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்து எழுதினார். 2012-இல் வெளியான பொன்விழாப் பதிப்பின் முன்னுரையும் அந்நூலில் புனைவு கலந்திருப்பதை ஒப்புக்கொண்டது. பலர் இதனைப் படைப்பாளியின் பொய் என்று சினந்தனர். கவிஞர்களாகிய நாம் இதனை வேறு வகையாகவும் பார்க்கலாம். தனித்த பயணி என்பது இலக்கியம் விரும்பிய வடிவம். நண்பர் வீடும் துணைவியின் அண்மையும் வாழ்வின் மெய்ம்மை. அவரே மறைக்காத துயரம் ஒன்று நூலிலேயே உண்டு. தம் இளமைக்களமான மான்டெரேயில் பழைய நண்பர்களைத் தேடிச் சென்ற அவர், இறந்தோர் பலராகவும் இருப்போர்க்குத் தாம் அயலாராகவும் ஆனமை கண்டு திரும்பினார். வழியில் நண்பரைக் காண்பதென்பது காலம் கடவாமல் செய்ய வேண்டிய செயல் என்பதை அப்பகுதி உணர்த்துகிறது.

குவார்ட்சைட்டின் குளிர்காலம்

ஹாஜி அலி உறங்கும் சிற்றூருக்கு இப்போது திரும்புவோம். 2020 கணக்கெடுப்பின்படி அங்கு நிலைத்து வாழ்வோர் 2,500 பேருக்கும் குறைவு. குளிர்காலத்திலோ வீட்டு வண்டிகள் அவ்வெளியெங்கும் நிறைகின்றன. வந்தோர்க்கு இடம் தரவும் பாலையின் மென்மையான மண்ணைக் காக்கவும் நடுவணரசின் நில மேலாண்மைத் துறை 1983-இல் நீண்டநாள் தங்கற் பகுதிகளை வகுத்தது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அதன் பருவம்.

அங்கு வாழ்க்கையை அளப்பவை தொட்டிகள். நன்னீர்த் தொட்டி வற்றினாலும் கழிவுநீர்த் தொட்டி நிரம்பினாலும் வண்டியைக் கிளப்பியாக வேண்டும். அண்டை வண்டிக்காரர் ஊருக்குள் செல்லும்போது நமக்கும் ஒரு குடம் நீர் கொணர்ந்தால், தங்கும் நாள் நீளும். நட்பு அங்கே நீராகவே அளக்கப்படுகிறது எனலாம்.

இவ்வாழ்வைக் கற்றோரும் ஆராய்ந்துள்ளனர். பாப்புவா நியூ கினியில் களப்பணி செய்த மானிடவியலாளர்களான டோரதி கவுன்ட்சு, டேவிட் கவுன்ட்சு இணையர், முதியோர் வீட்டு வண்டி வாழ்வைத் தாமே வாழ்ந்து பார்த்து 1996-இல் ஒரு நூல் வெளியிட்டனர். உணவைப் பகிர்தலும் உதவிக்கு உதவி செய்தலும் அந்நியரை எவ்வாறு சமூகமாக்குகின்றன என்பதை அந்நூல் விளக்கிற்று. கே பீட்டர்சன், ஜோ பீட்டர்சன் இணையர் 1978-இல் தொடங்கிய ‘எஸ்கேப்பீஸ்’ சங்கம் உறுப்பினர் தம்முள் அணைத்து வரவேற்கும் மரபைப் பேணியது. வண்டியோட்ட இயலாது தளர்ந்தோர் தம் வண்டியிலேயே தங்கிப் பராமரிப்புப் பெற டெக்சாசின் லிவிங்ஸ்டனில் ஓர் இல்லமும் அமைத்தது. பயணத்தின் முடிவையும் நண்பர்கள் எண்ணிப்பார்த்ததன் விளைவு அது.

நட்பின் எல்லை

2008-இன் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் இவ்வெளிக்கு வேறொரு கூட்டம் வந்தது. வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பழைய வேன்களைக் குடியிருப்பாக்கிக் கொண்டனர். பாப் வெல்சு என்பார் தொடங்கிய ஆண்டுக் கூடல் குவார்ட்சைட் அருகே 2010-களில் வளர்ந்தது. குறைந்த செலவில் வண்டியில் வாழும் முறையை ஒருவர்க்கொருவர் அங்கே கற்பித்தனர். ஜெசிக்கா புரூடர் 2017-இல் எழுதிய ‘நாடோடி நிலம்’ நூல் இவர்களைப் பற்றியது. அதனைத் தழுவிக் குளோயி ஷாவ் இயக்கிய திரைப்படம் 2021-இல் சிறந்த படத்திற்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது.

அந்நூலைப் படித்தபின், நட்பைப் போற்றும் என் கட்டுரைக்கு நானே ஓர் எல்லை வகுக்க வேண்டியவளானேன். அறுபதைக் கடந்த பெண்கள் பண்டகசாலைகளில் நாள்தோறும் பல மைல் நடந்து உழைத்து, வண்டியில் வந்து உறங்குகின்றனர். பாலையில் கிடைக்கும் தோழமை அவர்களைத் தாங்குகிறது, உண்மையே. எனினும் முதுமைக்குச் சமூகம் தரவேண்டிய கூரையை நண்பர் தரும் ஒரு குடம் நீரால் ஈடுசெய்ய முடியாது. விரும்பிப் புறப்பட்டவரும் விரட்டப்பட்டவரும் இன்று ஒரே தீயைச் சுற்றி அமர்ந்துள்ளனர். அவ்விருவரையும் ஒன்றெனப் பாடினால் நம் கவிதை கான்கிளினின் சொகுசுப் பேருந்தையும் இறந்த பாட்டியைச் சுமந்த வண்டியையும் ஒன்றாக்கிய பிழையைச் செய்ததாகும்.

ஏப்ரல் வெயில் ஏறும்போது வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. பாலை தன் உரிப்பொருளுக்குத் திரும்புகிறது. ஆயினும் அவர்கள் இறுதி விடை கூறுவதில்லை. வழியில் மீண்டும் காண்போம் என்று சொல்லிப் பிரிவதே அவர்தம் வழக்கு. ‘போகிறேன்’ என்னாது ‘போய் வருகிறேன்’ என்னும் நமக்கு அது புதிதன்று. பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து கூடிக் கலையும் நம் வட்டத்தார்க்கும் அச்சொல்லின் பொருள் தெரியும். முன்பு நம்மோடு வந்து அமர்ந்து, இப்போது வர இயலாதிருக்கும் மூத்த உறுப்பினர் சிலர் நமக்கும் உண்டு. இம்மலரின் படியொன்றை அவர்தம் வாயிலுக்கு நாமே எடுத்துச் செல்வோமாக.