ஒரு புள்ளியும் பல புள்ளிகளும்: தமிழகத்தில் அறையை வரையக் கற்ற வரலாறு

தேவாரத்தின் தெருவில் நின்று மேற்கே நோக்குவார்க்கு அடிவானம் தெரிவதில்லை. ஏலமலைத் தொடர் அதனை மறைத்து நிற்கிறது. அதே மனிதர் போடிநாயக்கனூர் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறிச் சென்று கிழக்கே திரும்பி நின்றால், சமவெளி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்க, அடிவானம் தம் கண்ணின் மட்டத்திற்கே உயர்ந்து நிற்கக் காண்பார். ஏறியவர் மனிதர், அவருடன் அடிவானமும் ஏறிவிட்டது. காண்பவன் எங்கே நிற்கிறான் என்பதைக் கேளாமல் காட்சியைப் பற்றிப் பேச இயலாது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

ஓவியர்கள் 'பெர்ஸ்பெக்டிவ்' என்று வழங்குவதும், பாடநூலார் 'இயலுறு தோற்றம்' என்று குறிப்பதும் இவ்வுண்மையின்மேல் எழுந்த ஒரு வரைமுறையே ஆகும். அதன் முதற்பாடம், ஓர் அறையை ஒரே மறைபுள்ளி கொண்டு வரைவது. இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர் ஓர் அடிகோலும் பென்சிலும் கொண்டு அரைமணி நேரத்தில் கற்றுவிடும் இப்பாடம், தமிழகத்து ஓவியர் கைக்கு எவ்வாறு வந்தது, வந்தபோது எதனைக் கொடுத்தது, எதனை எடுத்துக்கொண்டது என்பன ஆராயத்தக்கன.

பழைய சுவர்கள்

தமிழர்க்கு அறை புதிதன்று, அளவும் புதிதன்று. நெடுநல்வாடை, மனைநூல் வல்லோர் கோல்களின் நிழல் கொண்டு திசை கண்டு, கயிறிட்டு அரண்மனை வகுத்த செய்தியை விரித்துரைக்கிறது. பரிபாடலின் 19ஆம் பாடல், திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் காண வந்தோர் 'இது யாது, இவர் யார்' என வினவியும் விடை கூறியும் மகிழ்ந்ததைக் காட்டுகிறது. ஆயின், அளந்து கட்டிய அறையை அளந்தவாறே சுருக்கிச் சுவரில் எழுத வேண்டும் என்ற எண்ணம் நம் ஓவியர்க்கு எழவில்லை.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் 1931இல் வெளிப்பட்ட சோழர் கால ஓவியங்களை எடுத்துக்கொள்வோம். தேவார மூவருள் ஒருவராகிய சுந்தரரின் வரலாறு அங்கே ஒரே சுவரில் நிகழ்கிறது. திருமண வீட்டின் சமையல், ஓலையுடன் வந்த முதியவரின் வழக்கு, வெள்ளை யானைமீது கயிலைப் பயணம் ஆகிய அனைத்தும் ஒருங்கே உள்ளன. காண்பவன் ஒரிடத்தில் நிற்க வேண்டும் என்று அச்சுவர் கேட்கவில்லை. நடந்து வரவே அழைக்கிறது.

இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தின் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களிலும் இதே நெறியைக் காணலாம். இரு தூண், மேலே ஒரு வளைவு, நடுவே சேதுபதி மன்னர்: இவ்வளவில் அறை அமைந்துவிடுகிறது. அறையின் ஆழம் காட்டப்படுவதில்லை. அதில் இருப்பவரின் பெருமை காட்டப்படுகிறது. உருவத்தின் அளவைத் தூரம் தீர்மானிப்பதில்லை; தகுதி தீர்மானிக்கிறது. போடிநாயக்கனூர் ஜமீன் அரண்மனையின் சுவரோவியங்களும் இம்மரபின் வழிவந்தவையே. மலையடிவாரத்து ஓவியன் கைக்கும் மதுரை, இராமநாதபுரத்து ஓவியன் கைக்கும் இலக்கணம் ஒன்றாகவே இருந்தது. இதனை அறியாமை என்று கூறுவது பொருந்தாது. காப்பியத்தில் கவிஞன் ஊருக்குள்ளும் காட்டுக்குள்ளும் அந்தப்புரத்துள்ளும் தடையின்றிப் புகுவது போல, ஓவியனின் கண்ணும் எங்கும் புகுந்தது என்பதே உண்மை.

புளோரன்சில் ஒரு துளை

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புரூனலெஸ்கி என்னும் கட்டடக் கலைஞர் ஒரு சோதனை செய்து காட்டினார். திருமுழுக்குக் கூடத்தை ஒரு பலகையில் வரைந்து, அப்பலகையில் ஒரு சிறு துளையிட்டார். பலகையின் பின்புறமிருந்து ஒற்றைக் கண்ணால் துளைவழி நோக்கி, எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் பிம்பத்தைக் காணவேண்டும். கண்டவர்க்கு ஓவியமும் கட்டடமும் ஒன்றாகவே தோன்றின. 1435இல் ஆல்பெர்ட்டி என்னும் அறிஞர் இம்முறையை நூலாக்கினார்.

முறை எளிது. முதலில் அறையின் பின்சுவரை ஒரு செவ்வகமாக வரையவேண்டும். அதன் குறுக்கே, காண்பவன் கண் நிற்கும் உயரத்தில், கண்மட்டக் கோடு இடவேண்டும். அக்கோட்டில் ஒரு புள்ளி; அதுவே மறைபுள்ளி. அப்புள்ளியிலிருந்து செவ்வகத்தின் நான்கு மூலைகள் வழியாக வெளிநோக்கிக் கோடுகள் இழுத்தால், தரையும் கூரையும் இரு பக்கச் சுவர்களும் ஒருங்கே எழுந்துவிடும். நம்மை விட்டு விலகிச் செல்லும் விளிம்புகள் யாவும் அப்புள்ளியை நோக்கியே ஓடும். குறுக்கே கிடப்பன குறுக்காகவும், செங்குத்தாக நிற்பன செங்குத்தாகவும் மாறாமல் நிற்கும்.

கடினமானது தரைக்கற்களின் இடைவெளி. தொலைவில் செல்லச் செல்ல அவை நெருங்க வேண்டும். எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதே வினா. கீழ்விளிம்பைச் சமமாகப் பகுத்து, ஒவ்வொரு பகுப்பையும் மறைபுள்ளியோடு இணைக்க வேண்டும். பின்னர், கண்மட்டக் கோட்டில் மறைபுள்ளிக்குப் பக்கவாட்டில், காண்பவன் படத்திலிருந்து நிற்கும் தொலைவில், மற்றொரு புள்ளி குறிக்க வேண்டும். அங்கிருந்து எதிர்ப்புறக் கீழ்மூலைக்கு ஒரு மூலைவிட்டம் இழுத்தால், அது முன்னைய கோடுகளை வெட்டும் இடங்களில் குறுக்குக் கோடுகள் அமையும். கட்டங்கள் தாமே சுருங்கிச் செல்லும். கண்ணின் மதிப்பீட்டுக்கு விட்டிருந்ததைக் கயிறிட்டு அளக்கும் கணக்காக்கியதே இம்முறையின் சாதனை. இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. காண்பவன் அசையக் கூடாது. ஒற்றைக் கண்ணனாக நிற்க வேண்டும்.

மறைத்து வைத்த கல்வி

தமிழகத்திற்கும் அதன் அண்டை நாட்டிற்கும் இக்கல்வி இரு வழிகளில் வந்தது. ஒன்று, அரசவை வழி. சுவாதித் திருநாள் காலத்துத் திருவிதாங்கூர் அரசவையில் மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு சிறந்த ஓவியராக விளங்கினார். அவரிடம் பயின்றவர் கிளிமானூர் இராஜராஜ வர்மா. அவருடைய மருமகனே இரவிவர்மா (1848–1906). இளைஞரான இரவிவர்மா எண்ணெய் வண்ண முறையைக் கற்க விரும்பியபோது, அரசவை ஓவியர் இராமசாமி நாயக்கர் கற்பிக்க உடன்படவில்லை. அவருடைய மாணாக்கரான ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சொல்லிக் கொடுத்தார் என்பர். 1868இல் வந்த தியடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும், தாம் வரைவதை அருகிருந்து பார்க்க மட்டுமே இசைந்தார். பார்த்தே கற்ற அந்த இளைஞர், 1873இல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலுக்குப் பூச்சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்திற்காகப் பொற்பதக்கம் பெற்றார்.

கலையறிவு ஒரு குடும்பத்தின் சொத்தாகவும், ஒரு குழுவின் மந்திரமாகவும் பூட்டி வைக்கப்பட்ட நிலையை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. பூட்டியவருள் நம்மவரும் உண்டு, அயலவரும் உண்டு என்பது மறக்கலாகாதது.

மற்றொன்று, பள்ளி வழி. அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850இல் சென்னையில் தம் சொந்த முயற்சியால் ஓவியப் பள்ளி தொடங்கினார். சில ஆண்டுகளில் அதனை அரசு ஏற்றது. அப்பள்ளி கற்பித்த வரைகலை, பொறியாளர்க்கும் அச்சகத்தார்க்கும் கைவினைஞர்க்கும் வேண்டிய ஒன்றாகக் கருதப்பட்டது. பின்னர் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியத்திற்கும் இடம் கிடைத்தது. லோயர், ஹையர் என்னும் இரு படிகள் தேறியவர் ஓவிய ஆசிரியராகச் சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் சென்றனர். அரசவையில் மறைத்துக் கற்க வேண்டியிருந்த ஒன்று, கரும்பலகையில் யாவர்க்கும் எழுதப்பட்டது. இம்மாற்றத்தைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது.

திரைச்சீலையில் எழுந்த அரண்மனை

பள்ளிக்குச் செல்லாதோர்க்கு இயலுறு தோற்றத்தைக் கற்பித்தது நாடக மேடை. சிலப்பதிகார அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைக் கூறும். பார்சி நாடகக் குழுவினர் வழியே பிற்காலத்தில் வந்ததோ, காட்சி எழுதிய திரை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்தும் அதன் பின்னும் ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழுக்களுடன் தர்பார், தெரு, காடு, நந்தவனம் எழுதிய திரைகளும் வண்டியேறின. தர்பார்த் திரையில் கறுப்பும் வெள்ளையுமான கட்டத் தரை விரைந்து பின்னோக்கி ஓடும். இருபுறமும் தூண்கள் குறுகிச் செல்லும். நடுவில் ஒரு வாயில். கீற்றுக் கொட்டகையில் மணல்மீது அமர்ந்திருந்தவர் கண்முன், ஒரு முழத் துணியின் கனத்தில் நூறு முழ அரண்மனை விரிந்தது.

இத்திரைகளில் ஒரு சிக்கல் உண்டு. நடிகர் பின்னே நகர்ந்து திரையை ஒட்டி நின்றால், எழுதிய வாயிலைவிட அவர் உயரமாகிவிடுவார். மேலும், காட்சி பிழையின்றித் தெரிவது ஓரிடத்திலிருந்து மட்டுமே. ஐரோப்பிய அரசவை அரங்குகளில் அவ்விடம் கோமகனின் இருக்கை. ஓரத்தில் இருந்தவர்க்கு அரண்மனை சாய்ந்தே தெரிந்தது. ஒரு புள்ளியை ஏற்பது, ஓர் இருக்கையை உயர்த்துவதும் ஆகும் என்பது இங்கே விளங்கும்.

சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற கொண்டையராஜு (1898–1976), நாடகக் குழுவிற்குத் திரை எழுதியவர். பின்னர்க் கோவில்பட்டியில் தங்கி, மாணாக்கர் பலரை உருவாக்கினார். அவரும் அவர் வழியினரும் எழுதிய தெய்வத் திருவுருவங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாக நாட்காட்டிகளாய் வீடுதோறும் சென்றன. அப்படங்களில் மரபும் புதுமையும் உடன்பட்டு நிற்கும் முறை நுட்பமானது. தரையும் தூணும் மறைபுள்ளியை நோக்கி ஓடும்; தெய்வமோ அக்கணக்கிற்கு உட்படாமல், காண்பவனை நேர்நோக்கி, முன்னே நிற்கும். அறை புளோரன்சின் கணக்கில் அமைந்தது. தெய்வம் நம் சுவரோவியத்தின் கணக்கில் அமைந்தது. புகைப்பட நிலையங்களின் பின்திரைகளில் எழுதப்பட்ட படிக்கட்டுகளும் மாடங்களும் இவ்வழியில் வந்தவையே. மாளிகையில் வாழாத குடும்பங்கள் அவற்றின்முன் நின்று படம் எடுத்துக்கொண்டன.

ஏற்பும் மறுப்பும்

இம்முறையைக் கற்பித்தவருள்ளேயே மறுப்பும் எழுந்தது. 1884 முதல் சென்னைப் பள்ளியில் பணியாற்றிய ஈ.பி. ஹாவெல், பின்னர்க் கல்கத்தா பள்ளியின் பொறுப்பேற்று, ஐரோப்பிய மாதிரிகளை விலக்கி இந்திய மரபைப் பாடமாக்க முனைந்தார். அப்போது எதிர்த்தோர் ஆங்கிலேயர் மட்டுமல்லர். இந்திய மாணவர் சிலரும் எதிர்த்து வெளியேறினர். தமக்குக் கிடைத்த கல்வியை 'உமக்கு இது வேண்டா' என மற்றொருவர் முடிவு செய்வதை அவர்கள் ஏற்கவில்லை. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. மரபை இழிவென்று தள்ளியதும் தவறு. மரபின் பெயரால் கல்வியை மறுப்பதும் தவறு.

விடை பிற்காலத்தில், கற்றவர் கையாலேயே வந்தது. 1957இல் சென்னைப் பள்ளியின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், இயலுறு தோற்றத்தை முற்றக் கற்றவர். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையில் மறைபுள்ளி இல்லை. ஜாதகக் கட்டங்களும் எழுத்துகளும் தட்டைப் பரப்பில் நிறைந்துள்ளன. அறியாமல் விடுவது வேறு; அறிந்து விலக்குவது வேறு. பணிக்கர் செய்தது இரண்டாவது.

கவிஞர்க்கு ஒரு சொல்

இவ்வரலாறு ஓவியர்க்கு மட்டும் உரியதன்று. சங்க அகப்பாடல் ஒவ்வொன்றும் ஒருவர் கூற்று. தலைவி கூறின் தலைவி அறிந்ததே பாடலில் வரும். தோழி கூறின் தோழி நிற்கும் இடமே பாடலின் இடம். ஓவியர் 15ஆம் நூற்றாண்டில் கணக்கால் கண்ட 'ஒரு நிலையில் நின்று காணும் கண்' நம் புலவரிடம் சொல்லில் முன்னரே இருந்தது எனலாம். காப்பியமோ தஞ்சைச் சுவரைப் போல் பல இடங்களில் நிற்கிறது. தமிழ் இரண்டையும் பெற்றிருக்கிறது. ஒன்றுக்காக மற்றொன்றைப் பழித்ததில்லை.

ஓவிய வகுப்பில் இப்பழிப்பு இன்னும் முற்றும் நீங்கவில்லை. வீட்டை வரையும் குழந்தை, நான்கு சுவர்களையும் விரித்து வைக்கிறது. கிணற்றை வட்டமாகவும் அதன் அருகே குடத்தைப் பக்கவாட்டிலும் வரைகிறது. தெரிவதை அன்று, அறிந்ததை வரைகிறது. அதன்மேல் சிவப்புக் கோடிட்டுத் தவறு எனல், இராமலிங்க விலாசத்தின்மேல் கோடிடுவதற்கு நிகர். அதே குழந்தைக்கு மறைபுள்ளியைக் கற்பிக்காது விடுவதோ, இராமசாமி நாயக்கர் கதவைச் சாத்தியதற்கு நிகர்.

1928இல் திறக்கப்பட்டு, அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்று, 2023இல் மீண்டும் இயங்கத் தொடங்கிய போடிநாயக்கனூர் இருப்புப்பாதையில், இரு தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றாகக் கூடுவதை எவரும் காணலாம். அவை கூடுவதில்லை என்பதையும் எவரும் அறிவர். அதே ஊரின் வாசல்களில் விடியற்காலையில் பெண்கள் இடும் புள்ளிக் கோலத்தில் எப்புள்ளியும் மற்றொன்றைவிடப் பெரிதில்லை. எத்திசையிலிருந்து வருபவர்க்கும் அது நேராகவே தெரியும். கண் காண்பதும் உண்மை. கை அறிந்ததும் உண்மை. ஒரு புள்ளியை நன்கு கற்று, பல புள்ளிகளை மறவாதிருப்பதே ஓவியர்க்கும் கவிஞர்க்கும் தக்க நெறியாகும்.