மதகுக்கு மூடியாகக் கிடந்த கல்: காலிக் கோட்டையில் ஒரு பகல்

காலி என்ற ஊர்ப்பெயருக்கு மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. போர்த்துக்கேயர் இங்கு வந்திறங்கிய வேளையில் சேவல் கூவியதாகவும், தம் மொழியில் சேவலைக் குறிக்கும் சொல்லையே ஊருக்கு வைத்துவிட்டார்கள் என்றும் ஒரு கதை. பாறை என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. மாட்டுப்பட்டியைக் குறிக்கும் 'கால' என்ற சிங்களச் சொல்லே காரணம் என்பது மூன்றாவது. நாம் கன்றுகாலி என்று சொல்லும்போது வருகிற 'காலி' உடனே நினைவுக்கு வரும். ஆனால் ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக ஊரைத் தமிழாக்கிவிடும் ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வமில்லை. காலியில் தமிழுக்கு உள்ள உறவுக்கு அதைவிட உறுதியான சான்று உண்டு.

அண்மையில் ஒரு முழுப் பகலைக் காலிக் கோட்டைக்குள் கழித்தேன். செய்தியாளனாகப் பலமுறை போன ஊர்தான். தேர்தல், வெள்ளம், ஆழிப்பேரலை என்று ஏதாவது ஒன்றின் பின்னால் ஓடியிருக்கிறேனே தவிர, காலாற நடந்து பார்த்ததில்லை. கொழும்பு கோட்டை நிலையத்தில் காலைப் புகையிரதம் ஏறினால், தண்டவாளம் பெரும்பாலும் கடலை ஒட்டியே செல்லும். பெரலியவைக் கடக்கும்போது பெட்டிக்குள் பேச்சு சற்றே தணிந்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஒரு புகையிரதத்தையே கடல் புரட்டிப்போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன இடம் அது.

நிலையத்திலிருந்து பஸ் தரிப்பிடத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் தாண்டினால் மதில் எதிரே நிற்கும். இப்போது வாகனங்கள் போகும் பெரிய வாயில் 1873 இல் ஆங்கிலேயர் திறந்தது. துறைமுகப் பக்கம் இருக்கும் பழைய வாயிலால் நுழைவதே முறை. வெளிப்புறம் ஆங்கில முடியின் சின்னம். உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் 1669 என்ற ஆண்டும், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் எழுத்துகளும், இரு சிங்கங்களும், உச்சியில் ஒரு சேவலும். கதை பொய்யானாலும் சேவல் கல்லில் ஏறிவிட்டது.

நான் சொன்ன சான்று இப்போது காலியில் இல்லை. கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. 1911 இல் இந்நகரின் மதகு ஒன்றுக்கு மூடியாகக் கிடந்த பலகைக்கல்லை ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்ட கல் அது. மிங் பேரரசர் யொங்லேயின் ஆணைப்படி 1409 ஆம் ஆண்டுத் தேதியிட்டு எழுதப்பட்டு, கடற்தளபதி செங் ஹேயின் கப்பற்படையோடு இலங்கைக்கு வந்தது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. தேனாவரை என்பது இன்றைய தெவிநுவர, அதாவது தேவேந்திரமுனை. அங்கிருந்த திருமால் கோயில் அக்காலத்தில் கடலோடிகளிடையே பெரும்புகழ் பெற்றிருந்தது. 1344 இல் இலங்கை வந்த இபின் பதூதா அக்கோயிலைப் பார்த்து வியந்து எழுதிவிட்டே காலிக்கு வந்தார். 1588 இல் போர்த்துக்கேயர் அதை இடித்தனர். மிகவும் தேய்ந்துபோயுள்ள பாரசீகப் பகுதி இஸ்லாத்தைப் போற்றுகிறது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்று நீளும் காணிக்கைப் பட்டியல் மூன்று மொழிகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு பேரரசர் மூன்று சமயத்தாருக்கும் சமமாகக் காணிக்கை அனுப்பியிருக்கிறார்.

கல்லில் சிங்களம் இல்லை. இதை வைத்துக்கொண்டு தென்னிலங்கையும் எமதே என்று முழங்குவோர் நம்மிடையே உண்டு. கல் சொல்வது அதுவன்று என்பது என் கருத்து. சீனத்து அரசவை இந்தக் கரையில் யார் ஆள்கிறார்கள் என்று பார்த்து மொழிகளைத் தெரிவு செய்யவில்லை. இந்தக் கரைக்கு வந்து போகிறவர்கள் எதைப் படிப்பார்கள் என்று பார்த்திருக்கிறது. பாரசீகம் ஓர்முஸ் தொடக்கம் மலாக்கா வரை வணிகர் மொழி. தமிழும் அவ்வாறே. அது ஆட்சியின் அடையாளமாக அன்று, துறைமுகத்தின் மொழியாகவே அக்கல்லில் ஏறியது. அதில் பெருமைப்பட ஏதுமில்லையா என்றால், நிறைய உண்டு. காணிக்கை கொண்டுவந்த அதே தளபதிதான் 1411 இல் அழகக்கோனாரோடு போரிட்டு அவரைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். அத்தமிழ்ப் பகுதியைப் படித்து வெளியிட்டவர் பேராசிரியர் செனரத் பரணவிதான. அவருடைய பிற்காலக் கருத்துகள் பலவற்றோடு நமக்குப் பிணக்கு இருக்கலாம். இந்தக் கடனை மறுக்க முடியாது.

1640 இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர்தான் இன்று நாம் பார்க்கும் கோட்டையை உருவாக்கியவர்கள். பதினான்கு கொத்தளங்கள். சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று நிலப்பக்கத்து மூன்றுக்கும் பெயர். தெருக்களுக்கு அடியில் கடல்நீர் ஏறி இறங்கிக் கழுவிச் செல்லும் வடிகால்கள். வாயிலருகே உள்ள நீண்ட பண்டகசாலையில் இப்போது கடல்சார் தொல்லியல் நூதனசாலை இருக்கிறது. 1659 இல் இத்துறைமுகத்திலேயே மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்ற கப்பலிலிருந்து எடுத்தவற்றை அங்கே பார்க்கலாம். அந்தக் கப்பல் தென்னிந்தியாவுக்குப் பாக்குக் கொண்டுபோக நின்றிருந்தது. கம்பனியின் காலத்திலும் பாக்கு போன வழி பழைய வழிதான்.

ஆங்கிலேயர் காலத்தில் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற இங்கே நின்றன. ஐரோப்பியத் தபாலும் பத்திரிகைகளும் முதலில் காலியில்தான் இறங்கும். என் தொழில்சார்ந்த ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் போக முடியாது. கொழும்பில் 1834 இல் தொடங்கப்பட்ட 'ஒப்சேவர்' பத்திரிகை, குதிரைத் தபாலுக்குக் காத்திராமல், 1850 தொடக்கம் காலியில் புறாக்களை வைத்துக் கப்பற் செய்திகளைக் கொழும்புக்குப் பறக்கவிட்டது. 1858 இல் தந்தி வந்ததும் புறாக்களுக்கு வேலை போயிற்று. தட்டச்சுப் பொறி, தொலைநகல் என்று என் கண்முன்னே ஒவ்வொன்றாக வேலை இழந்தவற்றை எண்ணிக்கொண்டு மதில்மேல் சற்று நேரம் அமர்ந்திருந்தேன்.

மதிலிலிருந்து பார்த்தால் துறைமுகம் ஏன் செத்தது என்பது விளங்கும். வாய்ப்புறத்தில் பாறைகள். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் உள்ளே நிற்பதும் இலகுவன்று. 1869 இல் சுயெஸ் கால்வாய் திறந்தபின் கப்பல்கள் பெருகின, பெருத்தன. ஆங்கில அரசு கொழும்பைத் தெரிவு செய்தது. 1875 இல் தொடங்கிய அலைதடுப்பு மதில் 1885 இல் முடிந்ததும், கப்பல்கள் காலியைக் கைவிட்டன. புகையிரதம் காலிக்கு வந்து சேர்ந்தது 1894 இல். அதற்குள் ஏற்றுவதற்குப் பெரிதாக எதுவும் எஞ்சியிருக்கவில்லை. கொழும்பில் ஒல்லாந்தக் கோட்டையின் மதில்களை இடித்தார்கள். காலியில் அதை இடிப்பதற்கான தேவையே எழவில்லை. 1988 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை இடமாக அறிவித்த இவ்வழகெல்லாம், வணிகம் விட்டுப்போனதால் தப்பியது. அதே மதில்தான் 2004 இல் கடலைத் தடுத்து உள்ளே இருந்தவர்களைக் காத்தது. மதிலுக்கு வெளியே, நான் காலையில் கடந்துவந்த பஸ் தரிப்பிடத்தையும் மைதானத்தையும் நீர் அள்ளிக்கொண்டு போயிற்று.

கப்பல்கள் போனபின்னும் போகாதிருந்தவர்கள் முஸ்லிம்கள். இன்று பெட்லர் வீதி எனப்படும் தெருவை ஒல்லாந்தர் சோனக வணிகரின் தெரு என்றே அழைத்தனர். கப்பல்களில் ஏறி இரத்தினம் விற்றவர்களும், பின்னல் சரிகை விற்றவர்களும், கடன் கொடுத்தவர்களும் இத்தெருக்களில் வாழ்ந்தார்கள். 1892 இல் நிறுவப்பட்ட அறபுக் கல்லூரி இன்றும் கோட்டைக்குள் நடக்கிறது. வெளிச்சவீட்டருகே உள்ள பள்ளிவாசலைத் தூரத்திலிருந்து பார்ப்பவர் தேவாலயம் என்றே எண்ணுவார். காயல்பட்டினம், கீழக்கரை என்று அக்கரையோடு இருந்த உறவில், தமிழை அறபு எழுத்தில் எழுதிய ஏடுகளும் இங்கு வந்து புழங்கின. சிங்களம் மட்டுமே கேட்கும் என்று நாம் நினைக்கிற தென்கோடியில், ஒரு திண்ணையிலிருந்து "உம்மா கூப்பிடுறாங்க" என்று ஒரு பிள்ளையின் குரல் கேட்டது.

ஒரு சிறிய மாணிக்கக் கடையில் தேநீர் கிடைத்தது. கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். நான் யாழ்ப்பாணத்துத் தமிழில் பேசியதும் சிரித்தார். "நீங்க பேசுறது புத்தகத் தமிழ் போல இரிக்கி. எங்கட தமிழ நீங்க தமிழுண்டே சொல்ல மாட்டீங்க" என்றார். மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. 1990 ஒக்டோபரில் தமிழ் பேசும் முஸ்லிம்களை யாழ்ப்பாணத்திலிருந்து சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அறுநூறு ஆண்டுக்கு முந்திய கல்லில் தமிழைத் தேடி நெகிழ்கிற நாம், வாயில் தமிழை வைத்திருந்தவர்களை அனுப்பிவிட்டுப் பேசாதிருந்தோம். அவர் அதைக் குறிப்பிடவில்லை. நானும் குறிப்பிடவில்லை.

அவர் பேச்சு வீடுகளைப் பற்றியதாக இருந்தது. கோட்டையில் பழைய வீடுகளை வெளிநாட்டவரும் கொழும்புச் செல்வந்தரும் வாங்கி விடுதிகளாக்கி வருகிறார்கள். பல வாரிசுகளுக்குச் சொந்தமான வீட்டைப் பங்கிட முடியாது, விற்றால்தான் பங்கு. பணம் வந்ததும் குடும்பம் மதிலுக்கு வெளியே போய்விடுகிறது. "வாப்பாட காலத்துல இந்தத் தெருவுல எல்லா வீடும் எங்கட ஆக்கள்" என்று விரலை நீட்டி ஒவ்வொரு கதவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இது கோப்பிக் கடை, இது விடுதி, இது பூட்டிக் கிடக்கிறது, இதில் மச்சாள் மட்டும் இருக்கிறா. பேரப்பிள்ளைகள் பாடசாலையில் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் படிக்கிறார்களாம். வீட்டில் தமிழா என்று கேட்டேன். "எங்களோட தமிழ். அவங்களுக்குள்ள என்னவோ" என்றார்.

மாலைப் புகையிரதத்துக்கு நேரமாகிவிட்டது. எழுந்தபோது, பெரிய கல் எதுவும் வாங்க மாட்டேன் என்பது தெரிந்திருந்தும், பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரத்தினபுரி, எலஹெர என்று எடுத்த இடங்களைச் சொன்னார். கடைசியில் தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.