சூரியன் பெயரில் ஒன்று, சொந்தப் பெயரில் ஒன்று

எதிரி நாட்டு ரேடார் எங்கே இருக்கிறது, எந்த அலைவரிசையில் இயங்குகிறது என்று அறிய விமானத்தை அனுப்பினால் எல்லையோரம் வரைதான் பாதுகாப்பாகப் போக முடியும். ரேடார் அலை நேர்கோட்டில் செல்வது, பூமியோ வளைந்தது. நாட்டின் நடுவிலிருந்து கிளம்பும் அலை எல்லையை எட்டுவதற்குள் வெகு உயரத்துக்குப் போய்விடுகிறது. அதைப் பிடிக்க விண்வெளியில்தான் ஏற்பி வேண்டும். அமெரிக்காவின் கிராப், இந்தியாவின் எமிசாட் ஆகிய செயற்கைக்கோள்கள் இரண்டும் இந்தக் கணக்கில் பிறந்தவை. இடையில் ஏறத்தாழ 59 ஆண்டுகள்.

1958-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகப் பொறியாளர் ரீட் மேயோ, பென்சில்வேனியாவில் பனிப்புயலில் சிக்கி, குடும்பத்தோடு சாலையோர உணவகம் ஒன்றில் ஒதுங்கினார். மனைவியும் பிள்ளைகளும் தூங்கிவிட, மேசையில் விரித்திருந்த காகிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். நீர்மூழ்கியின் பெரிஸ்கோப்பில் ஏற்கெனவே பொருத்தியிருந்த எளிய ஏற்பியே 600 மைல் உயரத்திலும் போதும் என்று விடை வந்தது. 1960 மே 1 அன்று எல்லை தாண்டிப் பறந்த அமெரிக்காவின் யு-2 உளவு விமானத்தைச் சோவியத் சுட்டு வீழ்த்தியது. நான்கே நாளில் அதிபர் ஐசனோவர் கிராப்பை ஏவ அனுமதி தந்தார். ஜூன் 22 அன்று அது ஏவப்பட்டது. 19 கிலோ எடையுள்ள சிறு உருண்டை. தான் கேட்ட ரேடார் துடிப்புகளை அப்போதே கீழே அனுப்பிவிடும். தரைநிலையக் குடில்களில் அவற்றைக் காந்த நாடாவில் பதிவு செய்து ஆள் மூலம் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள்.

உலகுக்குச் சொன்ன பெயர் சோல்ராட், அதாவது சூரியக் கதிர்வீச்சு ஆய்வுக்கலம். மறைப்புக்கான பெயர்தான், ஆனால் பொய்யில்லை. சூரிய வெடிப்பின் எக்ஸ் கதிர்களால்தான் சிற்றலை வானொலி மங்குகிறது என்பதை அதிலிருந்த சூரிய ஆய்வுக் கருவிகள் நிறுவின. மறைப்புக்காகச் செய்த அறிவியலையும் நேர்மையாகச் செய்த அந்தக் குழுவின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

எமிசாட் 436 கிலோ. 2019 ஏப்ரல் 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி45 அதைச் சுமார் 750 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தியது. அதே ராக்கெட்டில் 28 வெளிநாட்டுச் சிறு செயற்கைக்கோள்களும் போயின. புதிதாகத் திறந்த பார்வையாளர் மாடத்தில் பொதுமக்கள் உட்கார்ந்து பார்த்த முதல் ஏவுதல் அதுதான். எடை, உயரம் எல்லாவற்றையும் இஸ்ரோ அறிவித்தது. பணி என்னவென்று கேட்டால் மட்டும் ஒரே வரி: மின்காந்த நிறமாலையை அளப்பது.

கிராப் வேலையை மறைத்தது. எமிசாட் விளைச்சலை மறைக்கிறது. இன்றைக்கு இரண்டாவதே சரியான வழி என்பேன். ஏவுதலை யாரும் ஒளிக்க முடியாது, சுற்றுப்பாதையை எந்த நாடும் கணித்துவிடும். எந்த ரேடாரைக் கேட்டோம் என்பது வெளியே தெரிந்தால் அந்த ரேடார் மறுநாளே இடம் மாறும், அலைவரிசை மாறும். அந்த மௌனம் தேவை.

ஆனால் மௌனத்துக்கும் ஒரு கெடு வேண்டும். எதிர்பார்த்ததைவிட அதிகச் சோவியத் ரேடார்களை கிராப் கண்டதும், குண்டுவீச்சு விமானங்களின் பாதையை வகுக்க அது உதவியதும் 1998-இல் ரகசியம் நீக்கப்பட்ட பிறகுதான் நமக்குத் தெரிந்தன. மேயோ தம் உணவகக் கதையை வெளிப்படையாகச் சொல்ல முடிந்ததும் அதற்குப் பிறகே. எமிசாட்டின் கருவியை உருவாக்கிய ஹைதராபாத் டிஆர்டிஓ ஆய்வகப் பொறியாளர்களும் தங்கள் கதையைத் தங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்கான ஆண்டை அரசு இப்போதே குறித்து வைக்கட்டும்.