ரஃப்தார் ஃபார்முலா ரேசிங்

ரஃப்தார் ஃபார்முலா ரேசிங் என்பது சென்னை ஐஐடி மாணவர்களின் பந்தயக் கார் அணி. ஒருவர் மட்டும் அமர்ந்து ஓட்டும் பந்தயக் காரை மாணவர்களே வடிவமைத்து, உருவாக்கி, கல்லூரி அணிகளுக்கான ஃபார்முலா போட்டிகளில் களமிறக்குகிறார்கள். 2012இல் உருவான இந்த அணி பெட்ரோல் கார்களில் தொடங்கி, 2022இல் தன் முதல் மின்சாரக் காரை வெளியிட்டது.

தோற்றம்

மாணவர்கள் கட்டிய பந்தயக் கார்களுக்கான ஃபார்முலா எஸ்ஏஇ போட்டி 1981இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதன் பிரிட்டன் வடிவமான ஃபார்முலா ஸ்டூடண்ட் 1998இல் வந்தது. இந்தியாவில் எஸ்ஏஇ எனும் வாகனப் பொறியாளர் அமைப்பின் சுப்ரா போட்டி 2011இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் அறிமுகமானது. சென்னை ஐஐடியில் முன்னாள் மாணவர்களின் நிதியுதவியுடன் 2008இல் அமைந்த புத்தாக்க மையம், மாணவர்கள் தம் கையாலேயே பொருள்களைச் செய்து பார்க்கும் பட்டறையாக வளர்ந்தது. அந்த மையத்தின் போட்டி அணிகளில் ஒன்றுதான் ரஃப்தார்.

போட்டி முறை

முதலில் வருபவரே வென்றவர் என்ற கணக்கு இங்கே இல்லை. மொத்த மதிப்பெண் 1000. அதில் 150 பொறியியல் வடிவமைப்புக்கு உரியது. ஏன் இந்தத் தடிமனில் குழாய், ஏன் இந்த இடத்தில் எடை என்று நடுவர்கள் கேட்பார்கள். மாணவர்கள் காரணம் சொல்லியாக வேண்டும். செலவுக் கணக்கும் வணிகத் திட்டமும் தனித்தனியே மதிப்பிடப்படும். தடத்தில் முடுக்கம், வளைவில் பிடிமானம் ஆகியவை சோதிக்கப்பட்ட பின், சுமார் 22 கிலோமீட்டர் நீளும் தாங்குதிறன் ஓட்டம் நடக்கும். அந்த ஓட்டத்தில் செலவான எரிபொருளோ மின்சாரமோ அளக்கப்பட்டு, சிக்கனத்துக்கும் மதிப்பெண் உண்டு. பெட்ரோல் கார்களுக்கு ஒலிச் சோதனையும் இருக்கிறது. வரம்பை மீறி இரையும் கார் தடத்தில் இறங்க முடியாது.

கோவைத் தடம்

இந்தியாவின் முக்கியப் போட்டியான ஃபார்முலா பாரத், கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துவருகிறது. 2003இல் திறக்கப்பட்ட இந்த 2.1 கிலோமீட்டர் தடம், கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் பெயரைத் தாங்குகிறது. மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் காரை வடிவமைத்தவர் அவர். உள்ளூரில் கிடைக்கும் பொருளை வைத்தே பந்தயக் கார் கட்டலாம் என்று காட்டிய அவர் பெயரிலான தடத்தில் மாணவர்கள் ஓட்டுவது மிகப் பொருத்தம்.

மின்சாரத்துக்கு மாற்றம்

மும்பை ஐஐடி அணி 2012இலேயே தன் முதல் மின்சாரக் காரைப் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றது. ரஃப்தாரின் மின்சாரக் காரான ஆர்எஃப்23, 2022 நவம்பர் 28 அன்று வெளியிடப்பட்டது. பல துறைகளைச் சேர்ந்த 45 மாணவர்கள் ஏறத்தாழ ஓராண்டு உழைத்து அதை உருவாக்கினர்.

எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டாரைப் பொருத்துவதோடு இந்த மாற்றம் முடிவதில்லை. போட்டி விதிகள் 600 வோல்ட் வரை மின்னழுத்தத்தையும், 80 கிலோவாட் வரை திறனையும் அனுமதிக்கின்றன. கவனம் தவறினால் உயிரையே பறிக்கும் அளவு இது. எனவே பேட்டரியின் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் இடைவிடாது கண்காணிக்க வேண்டும். உயரழுத்தச் சுற்றிலிருந்து காரின் சட்டகத்துக்கு மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பு தானாகவே துண்டிக்கப்பட வேண்டும். கார் மீது தண்ணீர் தெளித்தும் சோதிப்பார்கள். இயந்திரவியல் மாணவர்களின் பட்டறைக்குள் மின்னியல், மென்பொருள், வேதியியல் அறிவு ஒருங்கே நுழைந்தது இப்படித்தான்.

உலகில் இணையான முயற்சி

தூய வாகனத்தைத் தாமே உருவாக்கும் இதே சவால் பனிப் பகுதிகளின் மாணவர்களுக்கு வேறு வாகனத்தில் வந்தது. பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல்களில் அன்று டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களே மிகுதி. அவற்றில் எரிபொருளின் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மேற்கு வாயிலில் பணியாளர்கள் அந்தப் புகையால் அவதிப்பட்டனர். இந்தப் பின்னணியில் 2000ஆம் ஆண்டு வயோமிங் மாநிலத்தில் தூய ஸ்னோமொபைல் போட்டி தொடங்கியது. 2003இல் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதை நடத்தும் பொறுப்பை ஏற்றது. கடையில் விற்கும் வண்டியை வாங்கி, அதன் புகையையும் இரைச்சலையும் குறைத்துக் காட்டுவதே பணி. பின்னர் மின்சார வண்டிகளுக்கும் தனிப் பிரிவு வந்தது.

மதிப்பீடு

மின்சாரக் கார் ஓடும் இடத்தில் புகை இல்லை. ஆனால் இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ஆகவே சிக்கனத்துக்கு மதிப்பெண் தரும் விதி மின்சாரப் பிரிவிலும் அதே அளவு முக்கியம்.

மாணவர் அணிக்கு நிரந்தர ஊழியர்கள் கிடையாது. சில ஆண்டுகளில் எல்லோரும் பட்டம் பெற்று வெளியேறுவார்கள். பேட்டரியைப் பாதுகாப்பாகக் கையாளும் முறையை மூத்தவர்கள் எழுதிவைத்து, பட்டறையில் செய்துகாட்டி இளையவர்களிடம் ஒப்படைத்தால்தான் அடுத்த கார் உருவாகும். கோப்பைகளைவிட இந்தப் பயிற்சியே ரஃப்தார் போன்ற அணிகளின் பெரும்பயன்: தூய வாகனத்தைத் தாமே கட்டிப் பழகிய பொறியாளர்களை அவை நாட்டுக்குத் தருகின்றன.