ஊரும் ஊர்தியும்

'ஊர்' என்னும் சொல் பெயராக நிற்கும்போது மக்கள் கூடி வாழும் இடத்தைக் குறிக்கின்றது. வினையாக நிற்கும்போது ஏறிச் செல்லுதலைக் குறிக்கின்றது. 'ஊர்தி' அவ்வினையினின்று பிறந்த பெயர். இவ்விரு பொருளும் ஒரே வடிவில் அமைந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் நகர வரலாற்றை ஆராய்வோர்க்கு அதில் ஓர் உண்மை புலப்படும். மக்கள் எவ்வாறு சென்று வருகின்றனரோ அவ்வாறே ஊர் அமைகின்றது. சிங்கப்பூரின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

இத்தீவின் குடும்பங்களுள் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக் கார் இல்லை. பஸ்ஸும் ரயிலுமே அவர்களைக் காலையில் வேலைக்குக் கொண்டு சென்று மாலையில் வீடு சேர்க்கின்றன. இந்நிலை தானே வந்ததா? வறுமையால் வந்ததா? இரண்டும் இல்லை. பல தோல்விகளுக்குப் பின்னர், திட்டமிட்டு எடுத்த முடிவுகளால் வந்தது. அம்முடிவுகளின் வரிசையை அறிவது நமக்குப் பயன் தரும்.

டிராமை வென்ற ரிக்ஷா

1880ஆம் ஆண்டு ஷாங்காயிலிருந்து ரிக்ஷாக்கள் இங்கு வந்திறங்கின. ஆறு ஆண்டுகள் கழித்து, 1886இல், நீராவி டிராம் ஓடத் தொடங்கியது. இயந்திரம் வந்தபின் மனிதன் இழுக்கும் வண்டி மறைந்திருக்கும் என்றே நாம் எண்ணுவோம். நடந்ததோ வேறு. தண்டவாளம் போன இடத்துக்கு மட்டுமே டிராம் போனது. ரிக்ஷாவோ வீட்டு வாயிலுக்கே வந்தது. கட்டணமும் குறைவு. போட்டியிட இயலாமல் 1894இல் நீராவி டிராம் நின்றுபோயிற்று.

இயந்திரத்தையே தோற்கடித்த அந்த மலிவு எங்கிருந்து வந்தது? சீனத்திலிருந்து வந்த ஏழைத் தொழிலாளியின் உடலிலிருந்து வந்தது. பயணிக்கு மலிவாகக் கிடைப்பதன் விலையை வேறு யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது இவ்வரலாறு தரும் முதற் பாடம். ரிக்ஷா ஒழிக்கப்பட்டது 1947இல்தான்.

1905இல் மின்சார டிராம் வந்தது. 1925இல் சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி அமைக்கப்பட்டது. மறு ஆண்டு முதல் அது தண்டவாளம் வேண்டாத, மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் டிராலி பஸ்களை ஓட்டியது. 1927இல் டிராம்கள் விடைபெற்றன.

கொசு பஸ்ஸும் பல கம்பெனிகளும்

அதே காலத்தில் சீனர்கள் பலர் ஏழு பேர் அமரக்கூடிய சிறு பஸ்களைத் தாமே ஓட்டினர். நெரிசலில் இங்குமங்கும் புகுந்து சென்றமையால் அவற்றைக் 'கொசு பஸ்' என்று மக்கள் அழைத்தனர். 1930களில் அவை பல சீன பஸ் கம்பெனிகளாக உருப்பெற்றன. நகரின் நடுப்பகுதி டிராக்‌ஷன் கம்பெனிக்கு. புறப்பகுதிகள் சீனக் கம்பெனிகளுக்கு. இவ்வாறு ஒரு சிறு தீவின் சாலைகள் கூறுபோடப்பட்டன. கம்பெனியின் எல்லைதான் கணக்கு. பயணியின் வழி எவரது கணக்கிலும் இல்லை.

சைக்கிளின் ஆற்றலை மலாயா மறக்க முடியாத வகையில் கண்டதும் அடுத்த சில ஆண்டுகளில்தான். 1941 டிசம்பர் 8ஆம் நாள் படையெடுத்து வந்த ஜப்பானியப் படையினரில் பெருந்தொகையினர் சைக்கிளிலேயே தெற்கு நோக்கி வந்தனர். பின்வாங்கிய படை பாலங்களைத் தகர்த்தபோது, சைக்கிளைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தனர். டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினர். எழுபது நாட்களில் சிங்கப்பூர் வீழ்ந்தது. கொடிய போர் அது. ஆயினும் பெட்ரோலும் பாலமும் வேண்டாத ஊர்தி எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை அது காட்டிவிட்டது. போருக்குப் பின்னும் நெடுங்காலம் தோட்டத் தொழிலாளிக்கும் பள்ளி ஆசிரியருக்கும் சைக்கிளே உற்ற துணையாயிருந்தது.

1955: சாலை நின்ற ஆண்டு

பஸ் ஓட்டுவோர், டிக்கெட் கொடுப்போர் ஆகியோரின் மனக்குறை 1955இல் வெடித்தது. ஹாக் லீ பஸ் கம்பெனியில் எழுந்த வேலைநிறுத்தம் மே 12ஆம் நாள் கலவரமாக மூண்டது, நால்வர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் டிராக்‌ஷன் கம்பெனியிலும் வேலைநிறுத்தம் தொடங்கி, மாதக் கணக்கில் நீடித்தது. உரிமம் இல்லாத வாடகைக் கார்கள் அக்காலத்தில் பெருகியிருந்ததில் வியப்பில்லை. பொது ஊர்தி கைவிட்ட இடத்தில், யாரேனும் ஒருவர் கார்க் கதவைத் திறந்துகொண்டு நிற்பார்.

பஸ் முதலில், தடை பின்னர்

தனிநாடான பின்னரே தீர்வு பிறந்தது. 1971இல் சீனக் கம்பெனிகள் மூன்றாக இணைக்கப்பட்டன. டிராக்‌ஷன் கம்பெனி அவ்வாண்டு இறுதியில் மூடப்பட்டது. 1973இல் மூன்றும் ஒன்றாகி 'சிங்கப்பூர் பஸ் சர்வீஸ்' ஆயின.

இதன் பின்னரே, 1975 ஜூன் 2ஆம் நாள், நகரின் நடுப்பகுதிக்குள் காலை நேரத்தில் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. நாளுக்கு 3 வெள்ளி. மாதத்துக்கு 60 வெள்ளி. நால்வர் அமர்ந்து வந்தால் கட்டணம் இல்லை. நெரிசலைக் குறைக்க ஒரு நகரின் சாலைகளுக்கே விலை வைத்த இம்முறை உலகிலேயே முதலாவது. கட்டண நேரத்தில் நுழைந்த வண்டிகள் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. ஒன்பதரை மணி வரை காத்திருந்து நுழைந்தோரும் உண்டு. ஆகவே அந்நேரம் விரைவில் பத்தேகால் வரை நீட்டப்பட்டது.

இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. காரை நகர எல்லையில் நிறுத்திவிட்டுத் தனி பஸ்ஸில் உள்ளே செல்லலாம் என்று ஏறக்குறைய 10,000 நிறுத்துமிடங்களை அரசு அமைத்தது. அவை பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன. கட்டணத்தை விரும்பாதோர் பலர் வீட்டருகிலேயே வழக்கமான பஸ்ஸில் ஏறிவிட்டனர். பாதி வழி காரும் பாதி வழி பஸ்ஸும் என்பது காகிதத்தில் அழகாக இருந்தது. மனிதனோ ஒரே ஏற்றத்தில் போய்ச் சேரவே விரும்பினான்.

இரு நாடுகள், இரு வழிகள்

பின்னர் ரயில் வேண்டுமா, பஸ்ஸே போதுமா என்ற விவாதம் பல ஆண்டுகள் நடந்தது. 1980இல் ஹார்வர்ட் அறிஞர் குழு பஸ்ஸே போதும் என்றது. 1982இல் அரசு ரயிலைத் தேர்ந்தது. செலவு ஏறத்தாழ 500 கோடி வெள்ளி. 1987 நவம்பர் 7ஆம் நாள் இயோ சூ காங் முதல் தோ பாயோ வரை ஐந்து நிலையங்களுடன் முதல் பெருவிரைவு ரயில் ஓடிற்று. 1990இல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்தது.

அக்காலத்தில் மலேசியா வேறொரு வழியில் சென்றது. 1985இல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. சொந்த நாட்டில் செய்த கார், நடுத்தரக் குடும்பமும் வாங்கத்தக்க கார் என்ற பெருமிதம் அதற்கு உண்டு. கோலாலம்பூரில் முதல் இலகு ரயில் ஓடியது 1996இல். ஒரு நாடு ரயிலை முதலில் அமைத்துக் காருக்குக் கணக்கு வைத்தது; மற்றொன்று காரை முதலில் தந்து ரயிலைப் பின்னர் அமைத்தது. தொழில் வளர்ச்சி பின்னதன் ஆதாயம். ஆனால் காரைச் சுற்றி வளர்ந்துவிட்ட ஊரில், கார் ஓட்ட இயலாத முதியவரும் மாணவரும் பிறரது தயவை எதிர்பார்க்க நேர்கின்றது.

சிங்கப்பூரின் வழியிலும் குறை இல்லாமல் இல்லை. 2023இல் சிறிய கார்களுக்கான சான்றிதழ் விலையே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. செல்வருக்கு அது செலவு. கைக்குழந்தையும் நோயாளித் தாயும் உள்ள எளிய குடும்பத்துக்கோ அது மூடிய கதவு. விலையால் செய்யும் பங்கீடு நீதியாவது எப்போது? கார் இல்லாதவரின் வழி, கார் உள்ளவரின் வழியைப் போலவே நம்பத்தக்கதாக இருக்கும்போதுதான். பஸ் தாமதமாகும் ஒவ்வொரு நாளும், ரயில் பழுதாகும் ஒவ்வொரு நாளும் அந்நீதி சிறிது தேய்கின்றது.

சைக்கிள் இக்கதையில் மறக்கப்பட்ட பிள்ளை. பஸ்ஸுக்கும் காருக்கும் அகன்ற சாலைகள் அமைந்தபோது அதற்கெனத் தடம் ஒதுக்கப்படவில்லை. 1990களில் பூங்கா இணைப்புப் பாதைகள் உருவாகின. அவை பெரும்பாலும் பொழுதுபோக்குக்கே உதவின. பின்னரே வீட்டையும் ரயில் நிலையத்தையும் இணைக்கும் தடங்கள் திட்டமிடப்பட்டன. 2030க்குள் 1,300 கிலோமீட்டர் என்பது இலக்கு.

இவ்வரலாற்றை வகுப்பில் சொல்லும்போது ஆண்டுகளை மட்டும் சொன்னால் போதாது. 1971, 1973, 1975 என்னும் வரிசையை மாணவர் உணரவேண்டும். முதலில் பொது ஊர்தி செப்பம் செய்யப்பட்டது. அதன் பிறகே தனி ஊர்திக்குத் தடை வந்தது. வரிசை மாறியிருந்தால் அத்தடை தண்டனையாகியிருக்கும். மக்களிடம் ஒன்றை விடச் சொல்லுமுன் மற்றொன்றை அவர்கள் கையில் கொடுத்திருக்க வேண்டும்.